தவளைக் குன்றில் வெள்ளி

வெள்ளிமலை என்றால் நமக்குக் கைலாசம். பனி மூடிய சிகரத்தைப் பார்த்துப் பரவசப்பட்ட யாரோ ஒரு பக்தர் வைத்த பெயர் அது. அங்கே வெள்ளி கிடைக்கும் என்று எண்ணிக் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு யாரும் புறப்பட்டதாகத் தெரியவில்லை. மெக்ஸிகோ தேசத்திலோ, வெட்ட வெட்ட நிஜமான வெள்ளி வந்துகொண்டிருந்த ஒரு மலை இருக்கிறது. அதற்கு வாய்த்த பெயர் தவளைக் குன்று!

புரேபெச்சா என்னும் பழங்குடி மக்கள் தங்கள் பாஷையில் தவளைகளின் மலை என்று பொருள்படும்படி அதை அழைத்தார்கள். பின்னால் வந்த ஸ்பானியர் அந்தப் பெயரைத் தங்கள் நாக்குக்குத் தக்கபடி வளைத்துக் குவானஹுவாதோ ஆக்கினார்கள். தூத்துக்குடியை டூட்டிகோரின் ஆக்கியவர்களோடு பழகிய நமக்கு இது ஒன்றும் புதிதல்ல.

மெக்ஸிகோ நகரத்திலிருந்து வடமேற்கே பஸ்ஸில் சுமார் ஐந்து மணி நேரப் பிரயாணம். தலைநகரத்தின் சந்தடி தாங்காதவர்கள் வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டு, சனியும் ஞாயிறும் தங்கிவிட்டுத் திரும்புவதற்கு ஏற்ற தூரம். நானும் அப்படித்தான் போனேன். ஸ்பானிய மொழி தெரிந்த நண்பர் ஒருவர் கூட வந்தார். அவர் வந்திராவிட்டால் ஊரைப் பார்த்திருப்பேன். ஊர் பேசுவதைக் கேட்டிருக்க மாட்டேன்.

உயரத்தில் நம் கொடைக்கானலுக்குக் கிட்டத்தட்டச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். இரு பக்கமும் மலைச்சரிவு, நடுவே நீண்ட பள்ளம். சரிவுகளில் மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக வீடுகள், நவராத்திரிக் கொலுப் படிகளில் பொம்மைகளை அடுக்கினாற்போல் ஒன்றின் தலைமேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. பள்ளத்தில் ஒரு காலத்தில் ஆறு ஓடியது. அது அடிக்கடி பெருக்கெடுத்து ஊரை அடித்துக்கொண்டு போயிற்று. கடைசியில் ஆற்றை வேறு வழியாகத் திருப்பிவிட்டு, 1960-களில் அது ஓடிய தடத்தையே தெருவாக்கிவிட்டார்கள். ஆகவே இந்த ஊரில் மோட்டார் வண்டிகள் பூமிக்கு அடியில், பழைய கல் வளைவுகளுக்குக் கீழே ஓடுகின்றன. மேலே மனிதர்கள் நடக்கிறார்கள். இந்த ஏற்பாட்டை நம் ஊர்களும் யோசிக்கலாம் என்று தோன்றிற்று.

சந்துகளோ சொல்லி முடியாது. முத்தச் சந்து என்று ஒன்று உண்டு. எதிரெதிர் வீடுகளின் இரண்டு மாடி முகப்புகளுக்கு இடையே 68 சென்டிமீட்டர்தான் இடைவெளி. காதலி பணக்கார வீட்டுப் பெண்; காதலன் ஏழைச் சுரங்கத் தொழிலாளி; தகப்பனார் கையில் குத்துவாள். மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ் வாசகர்களுக்குத் தெரியாத கதையா? அங்கே கைகோத்து நின்று படம் எடுத்துக்கொள்ள இளம் தம்பதிகள் வரிசையில் காத்திருந்தார்கள்.

இவ்வளவோடு திருப்தி அடைந்து திரும்புகிறவர்கள் பாக்கியசாலிகள். கோபுரத்தைக் கண்டால் கும்பிடுவதற்கு முன்பே, "இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கிற வியாதி எனக்கு உண்டு. இவ்வளவு சிறிய ஊரில் இத்தனை மாதா கோயில்கள், மாளிகைகள், 1903-இல் திறந்து வைத்த, ராஜசபை போன்ற ஒரு நாடகசாலை! பதில் தேட வேண்டுமானால் ஊரை விட்டு மலைமேல் ஏற வேண்டும்.

இங்கே வெள்ளி முதல் முதலாக அகப்பட்டது 1548-ஆம் ஆண்டில். பொதிக்கழுதை ஓட்டி வந்தவர்கள் இரவில் குளிருக்கு நெருப்பு மூட்டினார்களாம். காலையில் பார்த்தால் அடுப்புக் கற்களிலிருந்து வெள்ளி உருகி வழிந்திருந்ததாம். எந்தச் சுரங்க ஊருக்குப் போனாலும் இந்த அடுப்புக் கதையைச் சொல்லுவார்கள் போலிருக்கிறது. கதை எப்படியானாலும், மலைக்குள்ளே பல மைல் நீளத்துக்குத் 'தாய் நரம்பு' என்று சொல்லும் பெரிய வெள்ளிப் படிவம் ஓடுவது நிஜம்.

அந்தத் தாய் நரம்பில், உபயோகமில்லை என்று எல்லோரும் கைவிட்ட ஒரு பகுதியை 1760-ஆம் ஆண்டில் ஒருவர் தோண்டத் தொடங்கினார். பெயர் அந்தோனியோ தெ ஒப்ரெகோன். கையில் காசு இல்லை. கடன் வாங்கித் தோண்டினார். ஊரார் சிரித்தார்கள். ஒரு சில்லறை வியாபாரி மட்டும் கூட்டுச் சேர்ந்து கைகொடுத்தார். எட்டு வருஷம் கழித்து, 1768-இல் வெள்ளி தலைகாட்டியது. அடுத்த சில வருஷங்களில் குவியல் குவியலாக வந்துவிட்டது. அதுதான் வலென்சியானா சுரங்கம். 1780-இல் ஸ்பானிய அரசர் ஒப்ரெகோனுக்கு வலென்சியானாப் பிரபு என்று பட்டம் கொடுத்தார். ஆடு மேய்ந்துகொண்டிருந்த சரிவில் ஏழெட்டாயிரம் பேர் வாழும் ஊர் எழுந்தது. இவ்வளவு பணம் வந்த பிறகும் மனிதர் எளிமையாகவே வாழ்ந்தார் என்று அறிந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் சொல்லப் போகும் கதைக்கு ஒரு கொடுங்கோலர் கிடைத்தால் சௌகரியமாக இருக்கும். கிடைக்கவில்லை.

பிரபு ஒரு கோயில் கட்டினார். 1788-இல் முடிந்த ஸான் கயெத்தானோ ஆலயம் சுரங்க வாயிலுக்கு அருகிலேயே இருக்கிறது. உள்ளே மூன்று பீடங்கள், தரையிலிருந்து கூரை வரை பொன் பூசிய மரச் சிற்பம். இலையும் பூவும் தேவதைகளும் புனிதர்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கண் நிற்பதற்கு ஒரு வெற்றிடம் கிடையாது. நம் கோயில் கோபுரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த நெரிசல் சொந்த வீடு போல் இருக்கிறது. அஸ்திவாரச் சுண்ணாம்பில் வெள்ளித் தூளும் திராட்சை மதுவும் கலந்தார்கள் என்பது உள்ளூர்க் கதை. வேறு எதைக் கலந்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள, 1803-ஆம் ஆண்டில் இங்கே வந்த ஒரு ஜெர்மானியரைக் கேட்க வேண்டும்.

அலெக்ஸாண்டர் ஹம்போல்ட் என்பது அவர் பெயர். பெரிய விஞ்ஞானி, கையில் உஷ்ணமானி, பாரமானி இல்லாமல் ஒரு படி இறங்கமாட்டார். வலென்சியானாவில் வேலை செய்தவர்கள் 3,100 பேர் என்றும், அவர்களில் பூமிக்கு உள்ளே இருந்தவர்கள் 1,800 பேர் என்றும் கணக்கெடுத்தார். அதோடு நிற்காமல் சுமைகாரர்களையும் கவனித்தார். அவர்களுக்குத் தெனத்தேரோக்கள் என்று பெயர். வெட்டிய தாதுக்கல்லைக் கற்றாழை நார்ச் சாக்கில் கட்டி முதுகில் சுமந்து, சுரங்கத்தின் அடியிலிருந்து மேலே கொண்டுவருவது அவர்கள் வேலை. ஒரு சுமை 225 முதல் 350 ராத்தல். நம் கணக்கில் நூறு கிலோவிலிருந்து நூற்றைம்பது கிலோவுக்கு மேல் வரும். ஒரு முழு அரிசி மூட்டை, சில நேரம் ஒன்றரை. அதைச் சுமந்து ஏற வேண்டிய படிகள் 1,800. ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பத்துத் தடவை இறங்கி ஏற வேண்டும். ஆறு மணி நேரம்.

ஐம்பது அறுபது பேர் வரிசையாக, கையில் ஒரு சிறு கோலை ஊன்றிக்கொண்டு, உடம்பை முன்னால் வளைத்து ஏறுவார்களாம். நேராக ஏற மாட்டார்கள். படிகளில் குறுக்கும் நெடுக்குமாக வளைந்து வளைந்து ஏறுவார்கள். வெளியிலிருந்து வரும் காற்றைக் குறுக்காகக் கடந்தால் மூச்சுத் திணறாது என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட சாஸ்திரம். வரிசையில் அறுபது வயதைத் தாண்டிய கிழவர்கள் உண்டு. பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்களும் உண்டு.

அவர்கள் அடிமைகள் அல்ல. அதையும் ஹம்போல்ட் சொல்கிறார். கூலிக்கு வந்தவர்கள், கூலியும் அந்தக் காலச் சுரங்கங்களுக்கு நல்ல கூலி. ஆனால் வேலை முடிந்து வெளியே வரும்போது ஒவ்வொருவரையும் சோதனை போட்டார்கள். தலைமயிரைக் கோதிப் பார்த்தார்கள். வாயைத் திறக்கச் சொன்னார்கள். நூறு கிலோ கல்லை நம்பி முதுகில் ஏற்றலாம்; ஒரு பொடிக் கல்லை நம்பி வாயில் விட முடியாது!

வலென்சியானாவில் இன்றும் சிறிது தூரம் உள்ளே இறங்கிப் பார்க்க விடுகிறார்கள். தலைக்கு இரும்புத் தொப்பி கொடுத்தார்கள். படிகள் செங்குத்து, ஈரம். கையை வீசிக்கொண்டு இறங்கி, கையை வீசிக்கொண்டு ஏறினேன். மேலே வந்ததும் உட்கார ஒரு கல் தேவைப்பட்டது. நண்பர் என்னைவிடப் பத்து வயது இளையவர். அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

மேலே வந்த கல்லிலிருந்து வெள்ளியைப் பிரிப்பது அடுத்த பாடு. நம் சித்தர்கள் பாதரசத்தைக் கட்டிப் பொன் செய்ய முயன்றதாகச் சொல்லுவார்கள். பார்த்தொலொமே தெ மெதினா என்ற ஸ்பானியர் 1554-இல் பச்சூக்கா என்னும் ஊரில் பாதரசத்தைக்கொண்டு வெள்ளியைப் பிரித்தே காட்டிவிட்டார். கல்லை மாவாக அரைத்து, நீர் விட்டுக் குழைத்து, கல் பாவிய பெரிய முற்றத்தில் பரப்புவார்கள். உப்பும், மயில்துத்தம் போன்ற செப்புச் சரக்கும், பாதரசமும் தூவுவார்கள். பிறகு கோவேறு கழுதைகளை அதில் இறக்கி வாரக்கணக்கில் மிதிக்க விடுவார்கள். மனிதர்களும் வெறுங்காலுடன் மிதித்தார்கள். வெள்ளி பாதரசத்தோடு கூடிக்கொள்ளும். காய்ச்சினால் பாதரசம் ஆவியாகி வெள்ளி தங்கும். ஆவி எங்கே போயிற்று என்று அந்தக் காலத்தில் யாரும் கவலைப்படவில்லை. பாதரசமோ ஸ்பெயினில் அல்மதேன் சுரங்கத்திலிருந்து கப்பலில் வர வேண்டும். அது அரசருடைய ஏகபோகம். பாதரசத்தைப் பிடித்துக்கொண்டால் வெள்ளி தானே கைக்குள் வரும் என்பது அரசருக்குத் தெரிந்திருந்தது. குவானஹுவாதோவின் ஆலைகளில் உழைத்த கோவேறு கழுதைகள் 14,000 என்பது ஹம்போல்டின் கணக்கு.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் உலகத்தில் எடுத்த வெள்ளியில் பாதிக்கு மேல் மெக்ஸிகோ வெள்ளி. அதில் ஏறக்குறையக் கால் பங்கு இந்த ஒரு மலைப் பிரதேசத்திலிருந்து போயிற்று. போன வெள்ளி ஸ்பெயினோடு நிற்கவில்லை. மெக்ஸிகோவின் மேற்குக் கடற்கரையில் உள்ள அகபுல்கோவிலிருந்து வருஷந்தோறும் கப்பல் புறப்பட்டு, பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து மணிலாவுக்குப் போயிற்று. 1565 முதல் 1815 வரை இருநூற்றைம்பது வருஷம் இது நடந்தது. மணிலாவில் சீனத்துப் பட்டு காத்திருந்தது. நம் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியும் காத்திருந்தது. சென்னைப் பட்டணத்து வியாபாரிகள் துணியை அனுப்பி வெள்ளியை வாங்கி வந்தார்கள். ஆங்கிலேயர் மணிலாவில் நுழைய ஸ்பானியர் விடாததால் ஆர்மீனிய வர்த்தகர்களை முன்னால் நிறுத்தி வியாபாரம் நடந்தது. அப்படி மணிலா வியாபாரத்தில் செல்வம் சேர்த்த பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனியர்தான் 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்டினார். பரங்கிமலைக்குப் படிகளும் அமைத்தார். பாலம் பழசாகி, அதன் இடத்தில் 1966-இல் இன்றைய மறைமலையடிகள் பாலம் வந்துவிட்டது. அந்த மலைப் படிகளில் ஏறுகிற சென்னைவாசி, குவானஹுவாதோப் படிகளை எதற்காக நினைக்கப் போகிறார்?

இன்னும் ஒன்று. 1808-ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னை நாணயச் சாலையில் வெள்ளி அரை வராகன் அடித்தார்கள். ஒரு பக்கம் கோயில் கோபுரமும் சுற்றி நட்சத்திரங்களும். மறு பக்கம் விஷ்ணு. அதற்குப் புது வெள்ளி தேடிக்கொண்டிருக்கவில்லை. கப்பலில் வந்த ஸ்பானிய டாலரை எடுத்து அதன் மேலேயே அச்சைப் போட்டு அடித்தார்கள். உலகமெங்கும் போன அந்த டாலர்களில் பெரும் பகுதி மெக்ஸிகோவில் வார்த்தவை. சில நாணயங்களில் உற்றுப் பார்த்தால் கோபுரத்துக்கு அடியில் ஸ்பானிய முத்திரையின் தடம் தெரியும். கோபுரத்துக்கு அடியில் ராஜா. ராஜாவுக்கும் அடியில் யார் என்று கேட்டால், அங்கே முத்திரை எதுவும் கிடையாது.

அந்த அடியில் இருந்தவர்கள் எப்போதும் சும்மா இருந்துவிடவில்லை. 1767-இல் ஏசு சபைப் பாதிரிமார்களை அரசர் நாடு கடத்தியபோது சுரங்கத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். அரசாங்கம் படையோடு வந்து பலரைத் தூக்கிலிட்டு ஊரை அடக்கியது. பிறகு 1785-இலும் 1786-இலும் பெரும் பஞ்சம். உறைபனி விழுந்து சோளம் கருகிவிட்டது. அந்த இரண்டு வருஷங்களும் மெக்ஸிகோவின் சரித்திரத்தில் பசி வருஷங்கள் என்றே பெயர் பெற்றுவிட்டன. வெள்ளியைக் கடித்துத் தின்ன முடியாது என்பதை உலகத்திலேயே பெரிய வெள்ளி ஊர் கற்றுக்கொண்டது.

பஞ்சம் மறுபடியும் வந்தால் என்ன செய்வது என்று யோசித்தவர் ரியாஞோ. பிராந்தியத்தை ஆள ஸ்பெயின் அனுப்பிய அதிகாரி, படித்தவர், நல்லவர் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். அவர் 1798-இல் ஒரு தானியக் களஞ்சியம் கட்டத் தொடங்கினார். 1809-இல் முடிந்தது. பெயர் அலோந்திகா. இரண்டு மாடி, கனத்த சுவர், வெளிப்புறம் முழுவதும் உயரத்தில் சிறு சிறு ஜன்னல் துவாரங்கள் மட்டும். பார்த்தால் களஞ்சியமாகத் தோன்றாது. கோட்டை என்றுதான் தோன்றும். ஒரு வருஷத்துக்குள் அது கோட்டையாகவே ஆகிவிட்டது.

1810-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் தேதி, தொலோரெஸ் என்ற சிற்றூரில் இதால்கோ என்ற பாதிரியார் கோயில் மணியை அடித்து ஜனங்களைக் கூட்டி, ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகக் கொடி தூக்கினார். பன்னிரண்டே நாட்களில் ஏறக்குறைய 20,000 பேருடன் குவானஹுவாதோவின் வாசலுக்கு வந்துவிட்டார். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் சிலரே. மற்றவர்களிடம் ஈட்டி, தடி, கவண். இதால்கோவும் ரியாஞோவும் பழைய சிநேகிதர்கள். ஒரே மேஜையில் புஸ்தகங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள். சரணடையும்படி கடிதம் வந்தது. குடும்பத்தைக் காப்பாற்றுவதாகத் தனியே ஒரு கடிதமும் வந்தது. ரியாஞோ இரண்டையும் மரியாதையாக மறுத்துவிட்டார்.

அவர் நல்லவர் என்று சொன்னேன். நல்லவர்களும் ஒரு தப்புக் கணக்குப் போடுகிறார்கள். செப்டம்பர் 24-ஆம் தேதி இரவு, ஊரார் தூங்கும்போது, ஸ்பானியக் குடும்பங்களையும், வெள்ளிக் கட்டிகளையும், கஜானாவையும், சிப்பாய்களையும் அலோந்திகாவுக்குள் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். காலையில் எழுந்த ஜனங்கள் பார்த்தார்கள். பஞ்சத்தில் தங்களைக் காப்பதற்காகக் கட்டிய களஞ்சியம், உள்ளே சோளம், சோளத்தோடு பணக்காரர்கள், வெளியே தாங்கள். கடைசி நேரத்தில் ரியாஞோ தலைவரி ரத்து என்று தண்டோராப் போட்டார். ஊர் சிரித்தது.

செப்டம்பர் 28-ஆம் தேதி நடுப்பகலில் சண்டை தொடங்கியது. ரியாஞோ ஆரம்பத்திலேயே தலையில் குண்டு பட்டு இறந்தார். அவருடைய மகன், பாதரசம் வந்த இரும்புக் குடுவைகளில் வெடிமருந்தை அடைத்து வெடிகுண்டுகளாகச் செய்து வைத்திருந்தான். அவற்றை மேலேயிருந்து கூட்டத்தின் நடுவே எறிந்தார்கள். வெள்ளியைப் பிரிக்க வந்த குடுவை, கடைசியில் வெள்ளி எடுத்தவர்களைப் பிளந்தது. ஊர் ஜனங்களோ ஆற்றுப் படுகையிலிருந்து கற்களைப் பொறுக்கிச் சுமந்துபோய் மலைச்சரிவில் நின்ற கவண்காரர்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். கல் மழையில் மாடியில் யாரும் நிற்க முடியவில்லை. ஆனால் கதவு மட்டும் அசையவில்லை.

இந்த இடத்தில்தான் பீபிலா வருகிறான். பீபிலா என்றால் பெண் வான்கோழி. ஒரு சுரங்கத் தொழிலாளியின் பட்டப்பெயர். அகலமான கற்பலகை ஒன்றைக் கயிற்றால் முதுகில் கட்டிக்கொண்டு, கையில் தீப்பந்தமும் எண்ணெயுமாகக் குனிந்து, ஏறக்குறையத் தவழ்ந்து, குண்டுகள் கல்லில் பட்டுத் தெறிக்கத் தெறிக்கக் கதவை அடைந்தான். கொளுத்தினான். கதவு எரிந்து விழுந்தது. கூட்டம் உள்ளே பாய்ந்தது. மாலை ஐந்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உள்ளே நடந்ததை நான் வர்ணிக்கப் போவதில்லை. சரணடைந்தவர்களையும் விடவில்லை, நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். பிறகு ஊரில் கொள்ளை. விடுதலைப் போர் என்ற நல்ல பெயர் அந்த மாலையை முழுவதும் மூடிவிடாது.

பீபிலாவின் கதையை எழுதி உலகத்துக்குத் தெரிவித்தவர் புஸ்தமாந்தே என்ற சரித்திரக்காரர். புரட்சியின் பக்தர், கதையில் கொஞ்சம் மசாலா சேர்ப்பதில் ஆசை உள்ளவர். மற்றொரு பெரிய சரித்திரக்காரர் லூக்காஸ் அலமான், பீபிலா என்று ஒருவனைக் குவானஹுவாதோவில் யாருக்குமே தெரியாது என்று அடித்துச் சொல்லிவிட்டார். அலமானின் வார்த்தைக்கு மதிப்பு அதிகம். ஏனென்றால் அவர் அந்த ஊர்ப் பிள்ளை, சண்டை நடந்தபோது பதினேழு வயது, அங்கேயே இருந்தார். கொள்ளைக் கூட்டம் அவர்கள் வீட்டு வாசலுக்கும் வந்தது. அன்று கண்டதை அவர் ஆயுள் முழுதும் மறக்கவில்லை. பின்னால் மந்திரியாகி, ஏழைகளின் கலகத்தைக் கண்டு நடுங்குகிற கட்சிக்கே தலைவரானார்.

நான் கதை எழுதுகிறவன். ஆகையால் இந்த வழக்கில் என் சாட்சியம் செல்லாது. ஆனாலும் ஒரு சந்தேகத்தைக் கேட்டுவிடுகிறேன். அலமானின் குடும்பம் சுரங்கச் செல்வம் படைத்த குடும்பம். அந்த வீட்டுப் பையனுக்குத் தெனத்தேரோக்களில் எத்தனை பேரைப் பெயர் சொல்லித் தெரிந்திருக்கும்? அவனுக்குத் தெரியாத பெயர் ஊரிலேயே இல்லாத பெயர் ஆகிவிடுமா? முதுகில் கல்லைக் கட்டிக்கொண்டு குனிந்து நடப்பது மாளிகையில் இருப்பவர்களுக்குச் செயற்கரிய சாகசமாகத் தோன்றலாம். புஸ்தமாந்தேக்குக் காவியமாகத் தோன்றியது, அலமானுக்குக் கட்டுக்கதையாகத் தோன்றியது. வலென்சியானாவின் 1,800 படிகளை ஏறி இறங்கியவர்களுக்கு அது தினக்கூலி வேலை. அந்தக் கூட்டத்தில் அதைச் செய்யக்கூடியவன் ஒருவன் இருந்தானா என்பதல்ல கேள்வி. நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தார்கள். அன்று சுமையின் உயரம் குறைவு, தூரமும் குறைவு; குண்டு மட்டும் புதிது.

பிறகு நடந்தது சீக்கிரம் சொல்லக்கூடியது. இரண்டு மாதத்துக்குள் ஸ்பானியத் தளபதி கயேஹா ஊரைத் திரும்பப் பிடித்தார். அவர் நெருங்கும்போது, அலோந்திகாவில் அடைபட்டிருந்த ஸ்பானியக் கைதிகளை ஒரு கும்பல் கொன்று தீர்த்தது. அவர் வந்ததும் பழிக்குப் பழி. ஊராரை நிறுத்திச் சீட்டுக் குலுக்கி, சீட்டு விழுந்தவர்களைச் சதுக்கங்களில் தூக்கிலிட்டார்கள். 1811-இல் இதால்கோவும் அயேந்தே, அல்தாமா, ஹிமெனெஸ் என்ற மற்ற மூன்று தலைவர்களும் பிடிபட்டு வடக்கே வெகுதூரத்தில் சுடப்பட்டார்கள். நான்கு தலைகளையும் உப்பிட்டு இங்கே கொண்டுவந்து, இரும்புக் கூண்டுகளில் வைத்து, அலோந்திகாவின் நான்கு மூலைகளிலும் தொங்கவிட்டார்கள். 1821-ஆம் ஆண்டு வரை, ஏறக்குறையப் பத்து வருஷம், வெயிலிலும் மழையிலும் அவை தொங்கின. ஒவ்வொரு மூலையிலும் இன்று பெயர் பொறித்திருக்கிறது, கொக்கியும் இருக்கிறது. தலை தொங்குவதற்குப் பெயர் உள்ளவனாக இருக்க வேண்டும். தூக்கில் சீட்டு விழுந்தவர்களுக்கு மூலை இல்லை.

சுரங்கங்களில் தண்ணீர் ஏறிவிட்டது. சுதந்திரம் வந்த பிறகு இங்கிலீஷ் கம்பெனி ஒன்று மூலதனத்துடன் வந்து தண்ணீரை இறைத்துப் பார்த்தது, பணம்தான் இறைந்தது. இருபதாம் நூற்றாண்டில் தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து வலென்சியானாவைப் பல வருஷங்கள் நடத்தினார்கள். ஒப்ரெகோன் உயிரோடு வந்து பார்த்தால் என்ன நினைத்திருப்பாரோ! அலோந்திகா நீண்ட காலம் சிறைச்சாலையாக இருந்து, 1958-இல் பொருட்காட்சி சாலை ஆயிற்று. அதன் மாடிப்படிச் சுவர்களில் சாவெஸ் மொராதோ என்ற ஓவியர் பல ஆண்டுகள் உழைத்து மெக்ஸிகோவின் சரித்திரத்தைத் தீட்டியிருக்கிறார். படி ஏறிக்கொண்டே பார்க்க வேண்டிய படங்கள்.

ஊரில் மற்றொரு காட்சிசாலையும் உண்டு. அதற்குத்தான் கூட்டம் அதிகம். கல்லறைகளில் மண் வாகும் காற்றின் வறட்சியும் சேர்ந்து, சில பிணங்கள் அழுகாமல் உலர்ந்துவிட்டன. அவற்றை வெளியே எடுத்ததற்குக் காரணம் விஞ்ஞான ஆராய்ச்சி அல்ல, பாக்கி! கல்லறை இடத்துக்கு வரி கட்ட முடியாத குடும்பங்களின் பிணங்களைத் தோண்டி எடுத்துவிட்டு, இடத்தை அடுத்தவருக்கு விட்டார்கள். 1865-இல் முதல் உடல் வந்தது. 1958-இல்தான் இந்த வழக்கம் நின்றது. இப்போது டிக்கெட் வாங்கினால் கண்ணாடிப் பெட்டிகளில் பார்க்கலாம். நண்பர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நான் வெளியே நின்றுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஊருக்கு மேலே, மலை விளிம்பில், பீபிலாவுக்கு 1939-இல் ஒரு பிரம்மாண்டமான கற்சிலை வைத்திருக்கிறார்கள். இளஞ்சிவப்புக் கல், ஒரு கை தீப்பந்தத்தை ஆகாயத்தில் தூக்கிப் பிடித்திருக்கிறது. கயிற்றால் இழுக்கும் சிறு ரயில் இருக்கிறது. ஒரு நிமிஷத்தில் மேலே கொண்டுபோய் விடும். சந்துப் படிகளில் ஏறியும் போகலாம். சான் மிகேல் என்ற பக்கத்து ஊர்க்காரர்கள், பீபிலா எங்கள் ஊர்ப் பிள்ளை என்கிறார்கள். இருந்ததே இல்லை என்று ஒரு மேதை தீர்ப்புக் கூறிய மனிதனுக்கு, சொந்தம் கொண்டாட இரண்டு ஊர்!

சிலையடியில் ஒரு கிழவர் தள்ளுவண்டியில் வேகவைத்த சோளக் கதிர் விற்றுக்கொண்டிருந்தார். பீபிலா நிஜமாகவே இருந்தாரா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டுச் சொல்லும்படி நண்பரிடம் சொன்னேன். கிழவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கதவு எரிந்தது ஐயா. தானாகவா எரிந்தது?" என்றார்.

சொல்லிவிட்டு, கதிரின்மேல் எலுமிச்சம் பழத்தைத் தேய்த்து, மிளகாய்ப் பொடியைக் கொஞ்சமாகத் தூவி, வெளியூர்க்காரன் தாங்குவானோ என்ற யோசனையுடன் நீட்டினார். நம் சமையலுக்கு மிளகாய் வந்ததே அவர்கள் பக்கத்திலிருந்துதான். அந்தச் சரித்திரத்தையெல்லாம் அவரிடம் விரிக்க எனக்குப் பாஷை போதாது. இன்னும் கொஞ்சம் போடும்படி ஜாடை காட்டினேன்.